ஒரு கார்டு, இரண்டு தலைவிகள்

எங்கள் வீட்டில் அண்ணா பிறந்தநாளை யாரும் கொண்டாடியதில்லை. ஆனால் அண்ணா பிறந்தநாள் எங்கள் வீட்டை ஒருபோதும் கைவிட்டதில்லை. 2006 செப்டம்பர் 15-ல் கலைஞர் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தார். 2008-ல் அதே தேதியில் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011-ல் அதே தேதியில் ஜெயலலிதா மிக்சி, கிரைண்டர், மின்விசிறியைத் தொடங்கிவைத்தார். 2023-ல் அதே தேதியில், அண்ணா பிறந்த காஞ்சிபுரத்திலேயே, மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை. அறிஞர் என்று சும்மாவா சொன்னார்கள்? எந்தத் தேதியில் பிறந்தால் ஆரணியில் ஒரு மருமகளுக்கு மிக்சி வரும் என்று தெரிந்தே பிறந்திருக்கிறார்.

எங்களுடையது தறி வீடு. வாசற்கதவைத் திறந்தால் நேரே தறிதான். நல்ல வெளிச்சமும் அகலமும் உள்ள கூடம் அதற்கு. மிச்சம் மீதி எங்களுக்கு. கல்யாணமான புதிதில் என் அம்மா வந்து பார்த்துவிட்டு, "உக்கார எடம் எங்கடி?" என்று காதோடு கேட்டாள். உட்கார இடம் உள்ள ஒரே ஆள் என் வீட்டுக்காரர். குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பார். குழித்தறியில் உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்து ஓட முடியாது என்பதால், வீட்டில் நடக்கும் அத்தனை விவாதத்துக்கும் அவர்தான் நிரந்தரப் பார்வையாளர். யாராவது நியாயம் கேட்டால் நாடாவை ஒரு இழுப்பு இழுப்பார். டக் என்று ஒரு சத்தம். அது ஆமாவா இல்லையா என்று இத்தனை வருஷமாக என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பக்கத்தில் ராட்டையில் தார் சுற்றுவது என் வேலை. வலது கை சக்கரத்தைச் சுற்றும். இடது கை விரல் இடுக்கில் பட்டு இழை ஓடி, சின்னக் குழலில் ஏறும். அந்தக் குழல்தான் நாடாவுக்குள் போய் ஊடையாகும். இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது, வாய்க்கு இல்லை. அதனால்தான் நான் அரசியலுக்கு வந்தேன். டெல்லி பட்ஜெட்டில் தொடங்கி எங்கள் வார்டு சாக்கடை வரைக்கும் எனக்குக் கருத்து உண்டு. "உன் வாய் ஓடுனா தாரு தளந்துடுது" என்பது வீட்டுக்காரரின் நிரந்தரப் புகார். தளர்ந்த தார் நாடாவுக்குள் வழுக்கிக் கொத்தாக வந்து விழும். துணியில் அந்த இடம் காட்டிக்கொடுக்கும். ஆக, முகம் தெரியாத ஏதோ ஒரு கல்யாணப் பெண்ணின் முந்தானையில் 2024 நாடாளுமன்றத் தேர்தல் பற்றிய என் கருத்துகள் இருந்தாலும் இருக்கும்.

மாமா உதயசூரியன். அத்தை இரட்டை இலை, அதுவும் எம்.ஜி.ஆர். காலத்து இலை. வீட்டுச் சாமான்களும் கட்சி பிரிந்தே கிடக்கின்றன. அந்த 14 அங்குல டிவி என்றைக்கோ கண்ணை மூடிவிட்டது. பழைய இரும்புக்காரர் தெருவில் குரல் கொடுத்தால் மாமா எழுந்துபோய் அதன் முன்னால் நின்றுகொள்வார். இப்போது அதன் தலையில் என் தார்க்குழல் கூடை. மிக்சிக்கு மோட்டார் மாற்றி, ஜார் மாற்றி, மூடியும் மாற்றியாகிவிட்டது. மாறாமல் இருப்பது அதில் ஒட்டியிருக்கும் ஜெயலலிதா படம் ஒன்றுதான். சட்னி அரைத்ததும் அத்தை அந்தப் படத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுப்பார். எடுக்கும்போது கூடத்து டிவியை ஒரு பார்வை பார்ப்பார்.

மின்விசிறி மட்டும் பொதுச்சொத்து. ஆனால் பாவு புனையும் நாளில் அதற்கும் 144 தடை உத்தரவு. பழைய பாவின் இழைநுனியோடு புதுப்பாவின் இழைநுனியை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும், ஆயிரக்கணக்கில். லேசாகக் காற்றடித்தாலும் எந்த இழை எந்த இழைக்கு மாப்பிள்ளை என்று தெரியாது. எல்லோரும் வியர்வையில் குளிக்கும் அந்த நாளில்தான் மாமா ஆரம்பிப்பார்: "எங்க தலைவர் குடுத்த டிவி யாருக்குனா தொந்தரவு குடுக்குதா பாரு." செத்த டிவிக்கு இப்படி ஒரு புகழுரை வேறு எங்கும் கிடைக்காது.

பொங்கல் சேலையில் மட்டும் இரண்டு பேரும் ஒன்று. இலவச வேட்டி சேலை 1983-ல் எம்.ஜி.ஆர். தொடங்கியது, ஆட்சிகள் மாறியும் தொடர்கிறது. பட்டு நெய்கிற வீட்டுக்கு அரசாங்கம் சேலை கொடுக்கிறது, நாங்களும் வரிசையில் நின்று வாங்குகிறோம். வாங்கி என்ன செய்கிறோம்? ராத்திரி தறியை நிறுத்தியதும் நெய்தவரைக்கும் உள்ள பட்டின்மேல் தூசி படாமல் அதைத்தான் போர்த்துகிறோம். கல்யாண மண்டபத்துக்குப் போகிற வரைக்கும் அந்தப் பட்டு ரேஷன் சேலைக்குள்தான் தூங்குகிறது. எனக்கோ நைட்டி, மேலே ஒரு துண்டு. வெளியூர் உறவுகள் போன் பண்ணி, "ஆரணிப் பட்டுல இப்ப என்ன புதுசு?" என்று கேட்டால் இந்த உடையில் நின்றுதான் விளக்கம் கொடுக்கிறேன்.

ஊர் அரசியலையும் சொல்லாவிட்டால் ஆரணிக்காரி என்று யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. ஆரணி ரோடு என்று ஒரு ஸ்டேஷன் விழுப்புரம் – காட்பாடி பாதையில் உண்டு. பேரில் சொன்னபடி ரோடு கிடைக்கும், ஆரணிக்கு அப்புறம் பஸ் பிடிக்க வேண்டும். திண்டிவனம் – நகரி பாதை எங்கள் ஊர் வழியாக வருவதாக 2006-07-ல் ஒப்புதல் ஆனது. டிவி வந்த அதே சமயம். டிவி வந்தது, அதில் மற்ற ஊர் ரயிலெல்லாம் கலரில் பார்த்தோம், டிவி செத்தும் போனது. அடுத்தது மாவட்டம். மாமா பிறந்தது வட ஆற்காடு மாவட்டத்தில். 1989-ல் அதைப் பிரித்ததில் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர் ஆனார், இருந்த திண்ணையை விட்டு நகராமலே. 2019-ல் வேலூரைப் பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இரண்டு மாவட்டம் வந்ததைப் பார்த்ததிலிருந்து, ஆரணி மாவட்டம் எப்போது என்று வாசலுக்கு ஓட்டு கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறார். செய்யாற்றிலும் ஒரு மாமா இதையே செய்யாறுக்காகக் கேட்டுக்கொண்டிருப்பார் என்பது என் யூகம்.

தேர்தல் சமயத்தில் புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போவதும் ஒரு சாகசம். ரொக்கம் 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் ரசீது காட்ட வேண்டும். ஓட்டுக்கு என்று சந்தேகப்படும்படியான பரிசுப் பொருள் 10,000 ரூபாயைத் தாண்டினால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளலாம். ஆரணியில் ஜரிகை கொஞ்சம் தூக்கலாக இருந்தால் ஒற்றைப் புடவையே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். "தறில இருக்கறப்ப கூலி, கடைல இருக்கறப்ப சரக்கு, எலக்‌ஷன்ல இருக்கறப்ப லஞ்சம். ஒரே பொடவதான்!" என்று அத்தை ஒருநாள் சொன்னார். எனக்குப் பொறாமையாக இருந்தது. வருஷக்கணக்காக ராட்டையில் உட்கார்ந்து பேசும் எனக்கு இப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை.

வாரிசு அரசியல் என்றால் எனக்கு இன்னும் கொஞ்சம் வேகம் வரும். ஆரணி மக்களவைத் தொகுதிக்கு முதல் தேர்தல் 2009-ல் நடந்தது. காங்கிரஸ் கிருஷ்ணசாமி ஜெயித்தார். 2014-ல் இரட்டை இலை. 2019-ல் கிருஷ்ணசாமியின் மகன் விஷ்ணுபிரசாத். அப்பாவிடமிருந்து மகனுக்கு வர பத்தே வருஷம்! மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? 2023 ஜூலையில் ரேஷன் கடைக்காரர் வீட்டுக்கு வந்து மகளிர் உரிமைத் தொகைக்கான டோக்கனும் விண்ணப்பமும் கொடுத்துவிட்டுப் போனபோது என் மனதில் ஓடியது இதுதான்.

அந்த நிபந்தனைகளைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நஞ்சை ஐந்து ஏக்கருக்கு மேல் இருக்கக்கூடாது. எங்கள் நஞ்சை மொத்தமும் மொட்டைமாடியில் புதினாத் தொட்டிக்குள் இருக்கிறது. வருஷ வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு முதல்முறையாக நாடாவை நிறுத்திச் சிரித்தார். மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக்கூடாது. கைத்தறி வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். அதைத் தாண்டிவிடுமோ என்று மாமா ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில்தான் கட்சி பேசுவார். சொந்தமாகக் கார் இருக்கக்கூடாது. என் ஓரகத்தி வீட்டில் கார் வாங்கிய நாளிலிருந்து எனக்கு இருந்த வயிற்றெரிச்சல் அந்த ஒரு வரியில் ஆறியது. இல்லாமையை இத்தனை மரியாதையாக யாரும் என்னிடம் விசாரித்ததில்லை.

ஆனால் ஒரு கார்டுக்கு ஒரு பெண்தான். குடும்பத் தலைவர் ஆணாக இருந்தால் அவர் மனைவி தலைவி. கார்டில் தலைவர் மாமா. ஆகவே தலைவி அத்தை, போட்டியின்றி. ஆனால் 21 வயதான, தகுதியுள்ள பெண்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் குடும்பமே ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் இருந்தது. அந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்தது நான்.

"அத்தை, தலைவிய குடும்பமே தேர்ந்தெடுக்கலாமாம்."

அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "எடுங்களேன், யார் வோணாம்னா? நான் இந்த வூட்டு வாசப்படி ஏறுனப்ப உன் புருஷன் பொறக்கவே இல்ல."

இந்த வாதத்துக்கு உச்ச நீதிமன்றத்தில்கூடப் பதில் கிடையாது. இருந்தாலும் நான் தேர்தல் அறிக்கையை வெளியிட்டேன். விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் பிடிப்பது யார், தார் யார், சமையல் யார், ரேஷன் வரிசை யார் என்று அடுக்கினேன். எதிர்பாராத இடத்திலிருந்து எனக்கு ஆதரவு வந்தது. மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "திட்டத்துக்குப் பேரே கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. அது எப்படி ரெட்ட எலைக்காரிக்குப் போவும்? கொள்கைன்னு ஒண்ணு கீதுல்ல?" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அன்று ராத்திரி மாமாவின் தட்டில் ரசம் மட்டும் விழுந்தது. முருங்கைக்கீரைப் பொரியல் அடுப்பங்கரையிலேயே இருந்தது, அதன் வாசனை மட்டும் கூடம் வரைக்கும் வந்தது. காலையில் மாமா, "பெரியவங்க பெரியவங்கதாம்மா" என்றார். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-லேயே வந்துவிட்டது. எங்கள் சமையலறைக்குள் இன்னும் வரவில்லை.

மகள் நடுநிலை. "யார் ஜெயிச்சா எனக்கு எவ்ளோ?" என்று மட்டும் கேட்டாள். வீட்டுக்காரர்? டக்.

அதன்பிறகு அதிகாரப் பகிர்வுப் பேச்சுவார்த்தை நடந்தது. பாங்கி கணக்கு அத்தை பேரில். ஏ.டி.எம். கார்டு என் பர்ஸில். பின் நம்பர் அத்தை மனதில். பணம் ஏறிவிட்டது என்று குறுஞ்செய்தி வருவது என் போனில். இதில் யாரும் தனியாக ஒரு ரூபாய் எடுக்க முடியாது. பணம் ஏறிய செய்தி வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து கிளம்புவோம். கட்டணமில்லா டவுன் பஸ் வந்தால் இரண்டு நிறுத்தத்துக்குக்கூட அத்தை ஏறிவிடுவார். காசில்லாத அந்த டிக்கெட்டை மடித்து சுருக்குப்பையில் வைத்துக்கொள்வார், பரிசோதகர் வந்து கேட்கவேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை. ஏ.டி.எம்.முக்குள் நான் கார்டைச் செருகுவேன். "அந்தாண்ட திரும்பு" என்பார். நான் சுவரைப் பார்த்துத் திரும்புவேன். அத்தை முந்தானையை எடுத்து மெஷின்மேல் கூடாரம் போட்டு, அதற்குள் தலையை விட்டு, நான்கு எண்ணையும் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தபடி அமுக்குவார். அதற்குள் மெஷின் பொறுமை இழந்து கார்டைத் துப்பிவிடும். மறுபடி செருகல், மறுபடி சுவர், மறுபடி கூடாரம். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். நான் சுவரில் ஒட்டியிருக்கும் மோசடி எச்சரிக்கையை வரி தவறாமல் மனப்பாடமாகச் சொல்லுவேன். வந்த ஆயிரத்தில் சீட்டுக்கு ஐநூறு, மாத்திரைக்குக் கொஞ்சம், எனக்கு "கை செலவுக்கு" இருநூறு. மீதி எங்கே என்று கேட்க எதிர்க்கட்சிக்கு உரிமை உண்டு. மானியக் கோரிக்கை விவாதம் எப்போது என்றுதான் அறிவிக்கவில்லை.

இப்படியே போயிருக்கும். போன வருஷம் மகளுக்கு 21 முடிந்தது. பிறந்தநாளுக்குக் கேசரி சாப்பிட்டுக்கொண்டே போனைத் தடவியவள், "எம்மா, இந்த ஆயிரம் ரூபாய்க்கு நானும் எலிஜிபிள்மா. குடும்பமே தேர்ந்தெடுக்கலாம்னு போட்டிருக்கு. கண்டெஸ்ட் பண்ணலாமா?" என்றாள். மாமா உடனே, "இளைஞரணிக்கு வாய்ப்புக் குடுக்கணும்" என்றார்.

"படிக்கிற பொண்ணுக்கு இன்னாத்துக்குடி இந்த வேலை?" என்றார் அத்தை.

"அத்தை சொல்றது சரிதான்" என்றேன் நான். இந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு வீட்டுக்காரர் குழியிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தார்.

அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது அத்தை பக்கத்தில் வந்து நின்றார். குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டு, சத்தத்தோடு சத்தமாகப் பின் நம்பரைச் சொன்னார். 1972. கலைஞர் பேரில் வரும் பணத்துக்கு, எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பித்த வருஷத்தைப் பூட்டாகப் போட்டிருக்கிறார்! மாமாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே நெஞ்சுவலி வரும். இதைப் படித்துவிட்டு யாரும் எங்கள் கணக்கைத் தேடிக் கிளம்ப வேண்டாம். பணம் ஏறிய மறுநாளே அதில் பத்து ரூபாய்கூட இருக்காது.