அட்டவணையார்

இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்திலிருந்து பீசா நகரத்துக்கு ரயிலில் செல்லச் சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கிறது. தூரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். பகற்பொழுதில் மணிக்கு இரண்டு வண்டி, சில வேளைகளில் மூன்று வண்டி உண்டு. கட்டணம் தூரத்தைப் பொறுத்ததேயன்றி டிக்கெட் வாங்கும் நாளைப் பொறுத்ததன்று. ஆகவே முந்திக்கொண்டவனுக்கு லாபமுமில்லை, பிந்தி வந்தவனுக்கு நஷ்டமுமில்லை. ஆசனத்தை முன்கூட்டிப் பதிவு செய்யும் வழக்கமும் இந்த வண்டிகளில் கிடையாது. சாமானிய ஜனங்கள் காலைக் காப்பியை முடித்துக்கொண்டு, குடை வேண்டுமா வேண்டாமா என்பதைத் தவிர வேறொன்றையும் யோசியாமல், நிலையத்துக்கு நடந்து சென்று ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். யோசனைக்கு இவ்வளவு குறைவாக இடங்கொடுக்கும் ஒரு பிரயாணத்துக்கும் மூன்று மாத காலம் திட்டம் வகுக்கவல்ல ஒரு மகான் உலகத்தில் இருக்கிறார். அவருக்கு அட்டவணையார் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அவர் இன்ன தேசத்தவர் என்று நிர்ணயமாகச் சொல்வதற்கில்லை. லீட்ஸிலிருந்தும் வருவார், உத்ரெக்ட்டிலிருந்தும் வருவார், டொராண்டோவிலிருந்தும் வருவார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப்பையில் இரண்டு பேனா இருக்கும், ஒன்று எழுதாமற் போனால் எழுதுவதற்கு. கூடவே ஒரு சகதர்மிணியும் இருப்பார். அந்த அம்மையாரின் பொறுமையைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

தாமஸ் குக் கம்பெனியார் 1873-ஆம் ஆண்டிலிருந்து வெளியிட்டுவந்த ஐரோப்பிய ரயில் கால அட்டவணையை 2013-இல் நிறுத்திவிட்டபோது அட்டவணையாருக்குச் சில நாள் சோறு தண்ணீர் இறங்கவில்லை. மறு ஆண்டே வேறு சிலர் முன்வந்து அந்த நூலைத் தொடர்ந்து வெளியிடலானார்கள் என்ற சமாசாரம் கிட்டிய பிறகுதான் அவர் பழைய ஆளானார். பெண்ணுக்கு வரன் பார்க்கும் தகப்பனார் ஜாதகங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்காருவதுபோல, சாயங்கால வேளைகளில் அவர் கால அட்டவணைகளைச் சாப்பாட்டு மேஜைமீது பரப்பி, இந்த வண்டிக்கும் அந்த வண்டிக்கும் எத்தனை பொருத்தம் என்று பார்ப்பதுண்டு.

அந்த ஆராய்ச்சியில் முதலாவதாக எழுந்தது வழியைப் பற்றிய பிரச்னை. எம்போலி வழியாகச் செல்வது நேர்வழி. பிஸ்தோயா, லூக்கா வழியாகச் செல்வது சுற்றுவழி. உலகமெல்லாம் எம்போலி வழியாகவே போகிறது என்பது அவருக்கு ஒரு நியாயமாகப் படவில்லை. ஆகவே அந்தப் பாதையின் வரலாற்றைத் தோண்டினார். தஸ்கனிப் பிரபு இரண்டாம் லியோபோல்டின் பெயரால் லியோபோல்டா என்று வழங்கிய அந்தப் பாதையை வகுத்தவர் இங்கிலாந்துப் பொறியியல் நிபுணர் ராபர்ட் ஸ்டீபன்ஸன் என்பதையும், லிவோர்னோவுக்கும் பீசாவுக்கும் இடைப்பட்ட பகுதி 1844-இலும் பிளாரன்ஸ் வரையிலான முழுப்பாதை 1848-இலும் திறக்கப்பட்டன என்பதையும், இராப்போஜனத்தின்போது மனைவியாருக்கு விஸ்தாரமாக எடுத்துரைத்தார். அம்மையார் எல்லாவற்றையும் சாவதானமாகக் கேட்டுவிட்டு, “அந்த வண்டியில் கழிப்பறை உண்டா?” என்றார். அட்டவணையார் திகைத்துப்போனார். மூன்று மாதக் குறிப்புகளில் அது ஒன்றுதான் விடுபட்டிருந்தது.

அடுத்தபடியாக, எந்த நிலையத்தில் இறங்குவது? பீசா சென்ட்ராலே என்னும் பெரிய நிலையத்தில் இறங்கினால் சாய்ந்த கோபுரத்துக்கு ஆர்னோ நதிப் பாலத்தைக் கடந்து அரை மணி நேரம் நடக்கவேண்டும். சான் ரொஸ்ஸோரே என்னும் சிறிய நிலையத்தில் இறங்கினால் சில நிமிஷ நடைதான். ஆனால் பிளாரன்ஸிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் சென்ட்ராலேயில் வண்டி மாறியே அங்கே போகவேண்டும். மாறும் வண்டிக்குக் காத்திருக்கும் நேரம் ஒருபுறம், மனைவியார் கடைவீதியில் நின்று நின்று நடக்கக்கூடிய நேரம் மறுபுறம் என்று கோடு கிழித்து அவர் போட்ட கணக்கு இரண்டு பக்கங்களைத் தாண்டிற்று. 1998-ஆம் ஆண்டு ரயில்வே வேலைக்காகச் சான் ரொஸ்ஸோரே அருகே மண்ணைத் தோண்டியபோது ரோமானியர் காலத்துக் கப்பல்கள் அகப்பட்ட செய்தி அதற்குப் பிறகு அவர் கண்ணில் பட்டது. ரயில் நிலையத்தைத் தோண்டினால் கப்பல் கிடைக்கிற இடத்தை நம்பி இறங்குவது உசிதமல்ல என்று தீர்மானித்துச் சென்ட்ராலேயே போதும் என்று முடிவு கட்டினார்.

பிரயாணத்துக்கு முந்திய நாள், டிக்கெட் ஜன்னலில் அவர் அடைந்த சஞ்சலம் சொல்லி முடியாது. இன்ன நேரத்து வண்டி, நதி தெரியும் பக்கத்தில், ஜன்னலோரமாக இரண்டு ஆசனம் என்று இத்தாலிய மொழியில் மனப்பாடம் செய்து வந்ததை அவர் ஒப்பித்ததும், உள்ளே இருந்த குமாஸ்தா, “நாளைக்குப் போகும் எந்த ரெஜியோனாலே (பிராந்திய) வண்டியிலும் ஏறிக்கொள்ளலாம், ஐயா. எங்கே இடமிருக்கிறதோ அங்கே உட்காரலாம்” என்றார். மற்றவர்களுக்கு இது சலுகை. அட்டவணையாருக்கோ காலடியில் தரை நழுவியது போலாயிற்று.

மறுநாள், வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே சாந்தா மரியா நொவெல்லா நிலையத்தில் அவரைக் காணலாம். மிக்கேலுச்சி முதலிய கட்டடக் கலைஞர்கள் வகுத்து 1930-களில் எழுந்த அந்தக் கம்பீரமான நிலையத்தில் நிமிர்ந்து பார்க்க எவ்வளவோ உண்டு. அவர் பார்ப்பதெல்லாம் மஞ்சள் தாள், வெள்ளைத் தாள் இரண்டையுந்தான். புறப்படும் வண்டிகள் மஞ்சள் தாளிலும், வந்துசேரும் வண்டிகள் வெள்ளைத் தாளிலும் அச்சிட்டு ஒட்டப்பட்டிருக்கும். மஞ்சள் தாளில் கண்ட பிளாட்பாரமும் மின்பலகையில் வரப்போகும் பிளாட்பாரமும் ஒன்றாக இருக்குமா என்ற சந்தேகத்தில், இரண்டுக்கும் நடுவே அவர் உலாவிக்கொண்டிருப்பார். காகித டிக்கெட்டை வண்டி ஏறுமுன் அங்குள்ள பொறியில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ளாவிட்டால் அபராதம். குத்திய நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்கு டிக்கெட் செல்லும் என்பதும் விதி. ஒரு மணி நேரப் பயணத்துக்கு நான்கு மணி நேரம் தாராளம் என்று நீங்களும் நானும் நினைப்போம். அவர் அப்படி அசட்டையாக இருப்பவரல்லர். அவசரப்பட்டுக் குத்திவிட்டால் அவகாசம் வீணாகுமே என்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பொறியின் எதிரே நிற்பார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும்.

வண்டி நகர்ந்த பிறகாவது அவர் வெளியே பார்ப்பாரா என்றால், அதுவுமில்லை. எம்போலியில் இரண்டு நிமிஷம் தாமதம் என்று குறித்துக்கொள்வார். வெஸ்பா ஸ்கூட்டர் பிறந்த போந்தெதெராவுக்குள் அந்த இரண்டு நிமிஷத்தை வண்டி ஈடுகட்டிவிட்டால் முகம் சற்று வாடும். தாமதத்துக்கென்று அவர் தனியாக ஒரு திட்டம் வைத்திருந்தாரல்லவா?

ஆனால் அவரை வெறுமனே பரிகசித்துவிட்டுப் போவதற்கில்லை. இத்தாலியில் ரயில்வே வேலைநிறுத்தம் அபூர்வமானதன்று. அப்படியொரு வேலைநிறுத்த நாளில் மின்பலகையில் வண்டிகள் ஒவ்வொன்றாக ரத்தாக, யாத்ரிகர்கள் மூட்டை முடிச்சுகளுடன் கலங்கி நிற்கையில், பிரகாசமான முகத்தோடு நடமாடுகிற ஒரே மனிதர் அட்டவணையார்தான். அத்தியாவசியப் பணிகளைப் பற்றிய 1990-ஆம் வருஷத்துச் சட்டம் அவருக்குப் பாடம். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையிலும், மாலை 6 முதல் 9 வரையிலும் குறிப்பிட்ட வண்டிகள் ஓடியே தீரவேண்டும் என்பதும், எந்தெந்த வண்டி என்பதும் அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன. முதல் நாள் அவரைக் கண்டு சிரித்தவர்கள் மறுநாள் அவர் பின்னாலேயே பிளாட்பாரத்துக்கு ஓடுகிறார்கள். ஒரு நன்றி சொல்வாருண்டா? கிடையாது.

பீசாவில் அவர் கோபுரத்தை நோக்கும் நோக்கு அலாதியானது. 1173-இல் அஸ்திவாரமிட்டு, அடிமண்ணின் மென்மையை உத்தேசியாமல் மேலே மேலே கட்டிக்கொண்டு போனவர்களைப் பற்றி அவருக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. 1990-இல் கோபுரத்தை மூடி, சாய்வை ஐந்தரை டிகிரியிலிருந்து சுமார் நான்காகக் குறைத்து, 2001-இல் மறுபடி திறந்த நிபுணர்களிடத்தில் மட்டும் அவருக்கு மரியாதை. கட்டியவர்கள் இவரைப்போல் திட்டமிட்டிருந்தால் பீசாவுக்கு இவர் வரவேண்டிய அவசியமே நேர்ந்திராது என்பதை அவரிடம் யார் எடுத்துச் சொல்வது? மேலே ஏறுவதற்குக் குறித்த நேரத்துக்கு முப்பது நிமிஷம் முன்பாகவே வந்து, பையை ஒப்படைக்கும் அறையில் ஒப்படைத்துவிட்டு, கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல் புகைப்படம் எடுத்துக்கொள்ள மனைவியாருக்கு எட்டு நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார். அம்மையார் அதில் ஆறு நிமிஷத்தைப் புல்தரையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவதில் செலவிட்டார். நான் பார்த்தவரையில் அந்தப் பிரயாணத்தில் உருப்படியாகக் கழிந்த நேரம் அதுதான்.

அட்டவணையாரோடு நீங்கள் பீசாவுக்குச் செல்ல நேர்ந்தால் தாராளமாகச் செல்லுங்கள்; பத்திரமாகப் போய்ச் சேர்ந்து பத்திரமாகத் திரும்புவீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: மாலையில் திரும்பி வரும்போது, “லூக்காவையும் ஒரு நாள் போய்ப் பார்த்தால் என்ன?” என்று வாய் தவறிக் கேட்டுவிடாதீர்கள். பீசாவிலிருந்து லூக்காவுக்கு அரை மணி நேரம்.