துப்பட்டி போய் அபாயா வந்தது

என் உம்மும்மா காலத்தில் காயல்பட்டினத்துப் பெண்கள் தெருவில் இறங்க ஒரு வெள்ளைத் துப்பட்டி போதும். சேலைக்கு மேல் தலையோடு சுற்றி, தாடைக்குக் கீழே ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். ஊசி கிடையாது, பொத்தான் கிடையாது. மறு கையில் பிள்ளையோ தூக்குச்சட்டியோ இருக்கும். காற்றடித்தால் விலகும், இழுத்துவிட்டுக்கொண்டு நடையைத் தொடர்வார்கள். தெருவுக்கே வராமல் வீட்டுக்கு வீடு போய்வர, பெண்களுக்கென்று முடுக்குகளும் இருந்தன.

அப்புறம் வளைகுடாவுக்குச் சம்பாதிக்கப் போனவர்களின் பெட்டிகளில் கறுப்புத் துணி வந்தது. இன்று என் மகள் வயதுப் பிள்ளைகள் அபாயா, ஹிஜாப், சிலர் நிகாப், கையுறை என்று போகிறார்கள். துணி இத்தனை மாறியும் அதற்குச் சொல்லும் காரணம் மட்டும் மாறவில்லை: "இது உனக்குப் பாதுகாப்பு."

நான் கல்லூரிக்குப் போன காலத்தில், பஸ்ஸில் ஃபர்தாவுக்கு மேலேயே ஒரு கை என் இடுப்பில் ஊர்ந்தது. வீட்டில் அழுதுகொண்டே சொன்னேன். சில நாளில் முன்னதைவிடத் தொளதொளவென்று புது ஃபர்தா தைத்து வந்தது. அந்தக் கைக்காரனை யாரும் தேடவில்லை. பல வருடம் கழித்துச் சென்னை மின்சார ரயிலில், முழு அபாயாவில் இருந்த என் மகளுக்கும் அதே நடந்தது. அவள் கத்தினாள். பெட்டியே திரும்பிப் பார்த்தது. அடுத்த ஸ்டேஷனில் அவன் இறங்கி ஓடினான். அவளைக் காப்பாற்றியது அவள் தொண்டை.

முஸ்லிம் பெண்களில் மிகப் பெரும்பாலோர் தலையை மூடும் நாடு எகிப்து. அங்கே 2013இல் ஐ.நா. பெண்கள் அமைப்பு வெளியிட்ட ஆய்வில், விசாரித்த பெண்களில் 99.3 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். எகிப்திய எழுத்தாளர் மோனா எல்தஹாவி, 1982இல் பதினைந்து வயதில் ஹஜ்ஜுக்குப் போன இடத்திலேயே தன்மேல் கை வைக்கப்பட்டதை எழுதியிருக்கிறார். 2018இல் பல நாட்டுப் பெண்கள் தங்களுக்கும் மக்காவில் நடந்ததாக வாய்திறந்தார்கள். ஹஜ்ஜின் இஹ்ராம் உடையை விட அடக்கமான உடை வேறென்ன இருக்கிறது? நம் நாட்டிலோ, பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்த ஆள்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. மாமன், அண்டைவீட்டுக்காரன், பாடம் சொல்லித் தருபவன். அவன் முன்னால் பெண்பிள்ளை வீட்டு உடையில்தானே இருப்பாள்?

ஈரானில் ஹிஜாப் சரியில்லை என்று ஒழுக்கக் காவலர்கள் பிடித்துப்போன மஹ்சா அமினி 2022 செப்டம்பரில் இறந்தார். அதே வருடம் கர்நாடகத்தில் ஹிஜாபைக் கழற்றினால்தான் வகுப்பு என்று பிள்ளைகளை வாசலில் நிறுத்தினார்கள். மூடச் சொன்னவர்களும் கழற்றச் சொன்னவர்களும் அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் இன்றும் முக்காடு போடுகிறேன். அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ளது. அதை ஆண்களின் கைக்குப் போடும் பூட்டாக்குவதைத்தான் எதிர்க்கிறேன். மூடாத மிட்டாயில் ஈ மொய்க்கும் என்று எத்தனையோ பயான் சொற்பொழிவுகளில் கேட்டாயிற்று. ஈக்கு மறுமையில் கேள்வி கணக்கு கிடையாது, ஆணுக்கு உண்டு.

குர்ஆனின் சூரத்துந் நூரில் பெண்ணின் முந்தானையைப் பற்றிப் பேசுவது 31ஆம் வசனம். அதற்கு முந்தைய 30ஆம் வசனம் ஆண்களைப் பார்த்து, பார்வையைத் தாழ்த்தச் சொல்கிறது. ஹஜ்ரத்மார்களே, வருகிற ஜும்ஆவில் தயவுசெய்து அந்த 30ஆம் வசனத்திலிருந்து தொடங்குங்கள்.