சிரிக்க 19 வருஷம்

வேலைத் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன் புழக்கத்துக்கு வந்தது 2003 மே மாதம். ஒரு பதிவைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம் என்று அதில் ஒரு பொத்தான் வந்தது 2022இல். கைதட்டல், இதயம், பல்பு எல்லாம் 2019லேயே வந்துவிட்டன. சிரிப்புக்குத்தான் அனுமதி கிடைக்க 19 வருஷம். இத்தனை வருஷம் சிரிக்காத ஒரே ஆளை நான் அறிவேன். அவர் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இத்தனைக்கும் 2002 கடைசியில் நிறுவனர் ரீட் ஹாஃப்மன் லிங்க்ட்இன்னைத் தொடங்கியது தன் வீட்டு ஹாலில். ஹாலில் பிறந்தது, எப்போது சட்டையை இன் பண்ணிக்கொண்டு விறைத்து நிற்கப் பழகியதோ!

என் பக்கத்து சீட்காரருக்குப் பதவி உயர்வு வந்தது. தளத்தில் எழுதினார்: “மிகுந்த பணிவோடும் நன்றியோடும் இந்தப் புதிய பயணத்தைத் தொடங்குகிறேன். என்னைச் செதுக்கிய தலைவர்களுக்கு வணக்கம்.” அன்று மத்தியானம் கேன்டீனில், தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “மூணு வருஷம் இழுத்தடிச்சு இப்பதான் குடுத்தானுங்க சார். சம்பளம் ஏத்தல, விசிட்டிங் கார்டை மட்டும் மாத்திட்டானுங்க.” சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் அவரவர் விசிட்டிங் கார்டு கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். எழுதியதற்கு விழுந்தவை வெறும் கைதட்டல்கள்; பேசியதற்கு மதிய இடைவேளை போதவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஹெச்ஆர் தலைக்கு மேல் உட்கார்ந்து படிக்கிறார் என்று நினைத்தே எல்லோரும் தளத்தில் எழுதுகிறோம். அவரோ, பாவம், இன்னொரு ஹெச்ஆர் பார்ப்பாரே என்று எழுதிக்கொண்டிருக்கிறார்.

தளத்துக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் இருந்து மறையும் ‘ஸ்டோரீஸ்’ஸை 2020இல் கொண்டுவந்தார்கள், அடுத்த வருஷமே மூடினார்கள். வேலை தேடுகிறவன், தன் பெருமை மறுநாளே மறைவதற்கு எப்படிச் சம்மதிப்பான்? 2024இல் புதிர் விளையாட்டுகள் வந்தன. ஆபீஸ் நேரத்தில் ஆபீஸ் சம்பந்தப்பட்ட தளத்திலேயே விளையாடலாம் என்பது, என்னைக் கேட்டால், அவர்கள் செய்த ஒரே மனிதாபிமானக் காரியம்.

திறமைக்குச் சான்று தரும் ‘எண்டார்ஸ்மென்ட்’ 2012இல் வந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் என் அத்தை பையன், எனக்கு ‘லீடர்ஷிப்’ இருக்கிறது என்று சான்று கொடுத்திருக்கிறான். அவன் என்னைக் கடைசியாகப் பார்த்தது அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில். அங்கே நான் ரச வாளியோடு நின்றேன். யாரையும் வழிநடத்தவில்லை, சமையல்காரர்தான் என்னை வழிநடத்தினார். “இலையைத் தாண்டி ஓடாமல் ரசம் ஊற்றுவான்” என்று அவன் எழுதியிருந்தால் அது கண்ணால் கண்ட சாட்சி. அதைப் படிக்கிற முதலாளிக்கும் என் நிதானம் பிடிபட்டிருக்கும்.

முன்பின் தெரியாதவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எனக்கு இரண்டாம் வட்டத் தொடர்பு, அதாவது தெரிந்தவருக்குத் தெரிந்தவர், என்று தளம் ஓர் எண்ணைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இதே ஆள் நெல்லை எக்ஸ்பிரஸில் எதிர் சீட்டில் இருந்தால்? “பாளையங்கோட்டையா? எந்தத் தெரு? அங்க போஸ்ட் மாஸ்டரா இருந்தாரே...” திண்டிவனம் வருவதற்குள் அவர் என் சித்தப்பாவுக்குச் சம்பந்தி முறை ஆகியிருப்பார். வேலை காலி இருக்கிற இடத்தையும் சொல்லியிருப்பார், அங்கே போகாதே என்றும் சொல்லியிருப்பார். அந்த இரண்டாவது தகவலுக்குத் தளத்தில் இடமே இல்லை.

சரி, உள்ளதை உள்ளபடி எழுதுவதை நாமே தொடங்குவோம் என்று என் பெயருக்குக் கீழே இருந்த தலைப்பை மாற்றினேன். 220 எழுத்து வரை அனுமதி உண்டு. எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. “கணக்குப் பிரிவு. எக்செல்லில் வி-லுக்அப் போடுவேன். வராவிட்டால் கூகுளில் தேடுவேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல் மீட்டிங் வைக்க மாட்டேன்.” இதையே ஒரு பதிவாகவும் போட்டேன்.

முதல் பதில் அத்தை பையனிடமிருந்து: “புதிய பொறுப்புக்கு வாழ்த்துகள்! மேலும் உயரங்களைத் தொடுங்கள்!”

போன் போட்டேன். “டேய், என்னடா எழுதியிருக்க?”

“நான் எங்கடா எழுதினேன்? அதுவே எழுதி நீட்டுச்சு, அமுக்கிட்டேன். ஆமா, எந்தக் கம்பெனி?”