வயித்தக் கேட்டு டிக்கெட் போடு, மருமவனே

ஏல மருமவனே, நீ அனுப்புன எக்ஸெல் அட்டவணைய ஒன் அத்தை போன்ல விரிச்சுக் காட்டுனா. நாலு நாளு, இருவத்தேழு எடம். பச்சை, மஞ்சள், செவப்புன்னு கட்டத்துக்குக் கட்டம் கலரு வேற. டிரினிடாடு தலைநகரம் போர்ட் ஆஃப் ஸ்பெயினச் சுத்திப் பாக்கப் போறியா, இல்ல அந்த ஊருக்கு ஜப்தி நோட்டீஸ் ஒட்டப் போறியா? "செவப்பு அரிவாள்மூக்கன்: 20 நிமிஷம்"னு எழுதியிருக்கியே, அந்தப் பறவைக்கு மெயில் போட்டுச் சம்மதம் வாங்கிட்டியாடே? அதக்கூட மன்னிச்சுருவேன். "மதியச் சாப்பாடு: 15 நிமிஷம்"னு ஒரு கட்டம் கெடந்துச்சு பாரு, அங்கதான் எனக்கு மூச்சு நின்னுபோச்சு. ஒன்கூட வாற அந்தப் புள்ள என்ன பாவம்டே செஞ்சிச்சு?

நான் கப்பல்ல பண்டாரியாக் கெடந்தவன். பாயின்ட் லிசாஸ் துறையில அமோனியா ஏத்தக் கப்பல் காத்துக் கெடந்தா, கரண்டியக் கீழ வச்சுட்டு வடக்க தலைநகரத்துக்கு வண்டியேறிருவேன். அங்க நான் பாத்ததவிடத் தின்னதுதான் நெறைய. அதனால ஒனக்குப் புத்தி சொல்லுத யோக்கியத எனக்கு உண்டு.

போற வழியில தொடங்குவோம். நம்ம ஊருல இருந்து டிரினிடாடுக்கு நேரா விமானம் கெடையாது. லண்டன், டொரன்டோ, நியூயார்க், மியாமின்னு எங்கயாவது எறங்கித்தான் ஏறணும். அமெரிக்கா வழியில டிக்கெட் மலிவா இருக்குன்னு அமுக்கிராத. அங்க ஒரு விமானத்துல இருந்து எறங்கி அடுத்ததுல ஏறுததுக்கே விசா கேப்பான். "சும்மா பெஞ்சுல உக்காந்துட்டுப் போறேன் சார்"னு சொன்னாலும் விடமாட்டான்.

நம்ம நேரத்துக்கு டிரினிடாடுக்காரன் ஒன்பதரை மணி நேரம் பின்னால இருக்கான். மொத நாள் விடியக்காலம் மூணு மணிக்கெல்லாம் முழிச்சுக்கிட்டு மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடப்ப. அத அசதின்னு நெனச்சு மாத்திர கீத்திர போட்டுறாத. அந்த ஊருச் சாப்பாட்டுக்கு அந்த முழிப்புதான் சரியான முகூர்த்தம். டபுள்ஸ் வண்டிக்காரன் வெள்ளனக் கடைய விரிப்பான். நல்ல கடையில ஏழெட்டு மணிக்கே சட்டி காலி. ஒன் அட்டவணையில "காலை 9.30: ஓட்டல் பஃபே"ன்னு போட்டிருக்க. அவன் குடுக்க ரொட்டித் துண்டையும் அவிச்ச முட்டையும் திங்க அரை உலகத்தத் தாண்டணுமாக்கும்?

டபுள்ஸ்னா என்னன்னு கேளு. மஞ்சப்பொடி போட்டுப் பெசஞ்ச மைதாவப் புளிக்க வச்சு, உள்ளங்கையகலம் தட்டி எண்ணெயில போட்டு எடுப்பான். அதுக்குப் பேரு பாரா. துணி கணக்கா மெத்துன்னு இருக்கும். இடது கையில ஒரு துண்டுப் பேப்பர், அதுமேல ரெண்டு பாரா, நடுவுல கொளகொளன்னு வெந்த கொண்டக்கடலைக் குழம்பு, அதுமேல வெள்ளரிக்கா, புளிச் சட்டினி, மாங்காத் துருவல் ஊறுகா. கடைசியா "பெப்பர்?"னு கேப்பான். நீ பதில் சொல்லி முடிக்கதுக்குள்ள பேப்பர ஒரு சுருட்டுச் சுருட்டி, ரெண்டு முனையையும் முறுக்கிக் கையில திணிச்சுருவான். அடுத்த ஆளு தயாரா நிப்பான். கரண்டி கேக்காத. வண்டி ஓரத்துல நின்னுக்கிட்டு, மேல் பாராவக் கிள்ளிக் கடலைய அள்ளித் தின்னணும். சட்டையில ஒழுகாமத் தின்னு முடிச்சுட்டன்னா ஊர்க்காரன் ஆயிட்டன்னு அர்த்தம். இது 1930-கள்ல தெக்க பிரின்சஸ் டவுன் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம் தொடங்கி வச்ச வியாபாரம். இன்னைக்கு மந்திரியும் மேஸ்திரியும் ஒரே வண்டி முன்னால நிக்காங்க.

அந்த "பெப்பர்" கேள்விக்கு மட்டும் யோசிச்சுப் பதில் சொல்லு. "நான் ஆந்திரா மெஸ்ல பொடிய நெய்யில்லாமத் தின்னவன்"னு நீ சவடால் விடுவ, எனக்குத் தெரியும். அந்தத் தீவுல மொருகா ஸ்கார்ப்பியன்னு ஒரு மொளகா வெளையுது. 2012-ல நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரங்க அளந்து பாத்துட்டு, உலகத்துலயே இதுதான் காரம்னு அன்னைக்கு அறிவிச்சாங்க. காரத்த அளக்க ஸ்கோவில் கணக்குல சராசரியே 12 லட்சம். மரியாதையா "ஸ்லைட்"னு சொல்லு. "மீடியம்"னு வீராப்புப் பேசுனா மிச்சச் சுற்றுலாவ ஓட்டல் குளியலறையிலேயே முடிச்சுக்கிடலாம். அதுக்கு வரிச கெடையாது, டிக்கெட்டும் கெடையாது.

வயித்துக்குக் கொஞ்சம் ஆதாரம் கெடச்ச பெறவு ஊரப் பாரு. நடுவுல குயின்ஸ் பார்க் சவானான்னு ஒரு மைதானம். 260 ஏக்கர். சுத்தி நடந்தா மூணரைக் கிலோமீட்டர். வண்டியெல்லாம் ஒரே தெசையில அதச் சுத்தியே ஓடும். உலகத்துலயே பெரிய ரவுண்டானா எங்களதுதான்னு பெருமயடிப்பாங்க. ஆமான்னு தலையாட்டிரு, ஒன் சொத்தா போவுது? மேக்கு ஓரத்துல ஏழு மாளிகை வரிசையா நிக்கும். கொக்கோ வித்த காசு வெளையாடுன காலத்துல, 1900-த்த ஒட்டி, ஒருத்தன ஒருத்தன் மெரட்டக் கட்டுனது. அதுல ஒருத்தன் ஸ்காட்லாந்துக் கோட்டைய மாதிரியா வச்சுக்கிட்டு, வேர்த்துக் கொட்டுத அந்த ஊருல அப்பிடியே கோபுரம் வச்சுக் கட்டியிருக்கான். பணம் இருந்துச்சு, பக்கத்துல வேண்டாம்னு சொல்ல ஒரு மாமன் இல்ல. மணிக்கூண்டோட நிக்கது குயின்ஸ் ராயல் கல்லூரி. நாட்டோட மொதப் பிரதமரு எரிக் வில்லியம்ஸும், நோபல் வாங்குன நைபாலும் படிச்ச பள்ளிக்கூடம். உச்சி வெயில்ல போவாத. சாயங்காலம் போனா மைதானத்து ஓரத்துல எளநீ, சோள சூப்பு, சுட்ட சோளம் எல்லாம் வந்துரும். நடக்கதுக்கும் ஒரு காரணம் வேணும்லா.

கிரிக்கெட் பைத்தியமான நீ அந்த ஊரு ஓவல் மைதானத்த அட்டவணையில எப்பிடிடே விட்ட? 1971-ல கவாஸ்கர் மொத டெஸ்ட் ஆடுனது அங்கதான். வெஸ்ட் இண்டீஸ இந்தியா மொதமொத ஜெயிச்சதும் அதே ஆட்டத்துல. நம்ம வெங்கட்ராகவன் ரெண்டாவது இன்னிங்ஸ்ல அஞ்சு விக்கெட் எடுத்தாரு. 1976-ல அங்கயே 403 அடிக்கணும்னு நெலம, நாலு விக்கெட்டுக்கு 406 அடிச்சு முடிச்சாங்க. இதெல்லாம் தெரியாம நாலு ஆப்ப வச்சுக்கிட்டு டீம் கட்டுதியாக்கும்.

ஓவலுக்கு மேக்கால செயின்ட் ஜேம்ஸ். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதுதான் எடம். முன்ன கரும்புத் தோட்டமாக் கெடந்த பூமி. ஒப்பந்தக் கூலியா வந்தவங்க குடியேறுன தெருக்களுக்கு மெட்ராஸ், கல்கத்தா, பம்பாய், பெனாரஸ், பாட்னான்னு பேரு. மெட்ராஸ் தெருப் பலகைக்குக் கீழ நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கோ, வேண்டாங்கல. நைபால் குடும்பம் இருந்த வீடும் அங்கனதான், நேபாள் தெருவுல. ஆனா ஒண்ணு. எதிர்ல வாறவன் மொகத்தப் பாத்துட்டு, "நீங்க இந்தியாவுல எந்த ஊரு?"ன்னு ஆரம்பிக்காத. மொதக் கப்பல் ஃபத்தேல் ரசாக் கரை சேந்தது 1845 மே 30. 1917 வரைக்கும் 1,40,000 பேருக்கு மேல வந்து எறங்குனாங்க. பெரும்பாலும் கல்கத்தா துறையில ஏறுனவங்க, மெட்ராஸ்ல ஏறுனவங்க கொஞ்சம். அஞ்சாறு தலைமுறை தாண்டியாச்சு. அவன் டிரினிடாடுக்காரன். ஒனக்கு ஒன் கொள்ளுத்தாத்தா பேரு தெரியுமா முதல்ல?

அங்க தால்பூரி ரொட்டி வாங்கு. வெல்லம் போடாத பருப்புப் போளின்னு வச்சுக்கோ, தலையணை உறை அகலத்துக்கு. உள்ள ஆட்டுக்கறியோ கோழியோ கத்திரிக்காயோ வச்சு மடிச்சுத் தருவான். ஒண்ணு வாங்குனா ரெண்டு பேரு திங்கலாம். நீ ரெண்டு வாங்குவ, வாங்கிட்டு முழிப்ப. ராத்திரி கடைக்குள்ள நுழையும்போதே "குட் நைட்"னு நீதான் மொதல்ல சொல்லணும், அங்க மொறை அதுதான். அவன் சொன்னா, கடைய மூடிட்டான்னு நெனச்சுத் திரும்பிராத.

ஞாயித்துக்கெழம அங்க இருக்க மாதிரிப் பாத்துக்கோ. அன்னைக்குத்தான் வீட்டுக்கு வீடு கல்லாலூ. சேப்பங்கெழங்கு எலையும் வெண்டக்காயும் தேங்காப்பால்ல வெந்து கடைஞ்சது, நண்டு கெடந்தா யோகம். நம்ம ஊருல சேம்பெலையப் பண்ணிக்குப் போடுதோம். யாராவது வீட்டுக்குக் கூப்புட்டா, "ஷெட்யூல் இருக்கு"ன்னு சொல்லிட்டு வந்துராத மூதி. அன்னைக்குப் பாதிக் கடை பூட்டிக் கெடக்கும். ஷாப்பிங் கட்டத்த அழிச்சுரு.

ஊருக்கு வெளிய ரெண்டே எடம் போதும். ஒண்ணு மராக்காஸ் கடற்கரை. மலைய வளைச்சுப் போற ரோடு, ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்கப் பட்டாளத்துக்காரன் போட்டுக் குடுத்தது. ஊர்க்காரங்க குளிச்ச கடற்கரை இருந்த பக்கத்த அவன் படைத்தளமா வளைச்சுக்கிட்டான், அதுக்கு ஈடு. வழியில மாங்காவையும் அன்னாசியையும் உப்பு, மொளகா, பூண்டு போட்டுக் கலந்து சௌன்னு விப்பான். வாங்கிட்டுப் போ. கடற்கரையில சுறாமீன் பொரிச்சு, பொரிச்ச ரொட்டிக்குள்ள வச்சுத் தருவான். மேல போட்டுக்கிட ஒரு மேச நெறையச் சட்டினி. பத்தையும் ஒண்ணா ஊத்தாத, ரெண்ட மட்டும் ஊத்து. ஞாயித்துக்கெழம கூட்டம் நெரியும், வார நாள்ல போ.

இன்னொண்ணு கரோனி சதுப்புநெலம். நாலு மணிக்குப் படகு எடுப்பான். மாங்குரோவ் வேருக்கு நடுவுல மெதுவா ஓட்டிட்டுப் போவான். கெளையில பாம்பு சுருண்டு கெடக்கதக் காட்டுவான், ஒன் பொஞ்சாதி பாப்பா, நீ கண்ண மூடிக்கிடுவ. அப்பறம் திறந்த தண்ணியில நிறுத்திருவான். பொழுது சாயும்போது அரிவாள்மூக்கன் ஒண்ணு ரெண்டா வரும், பெறவு கூட்டம் கூட்டமா வந்து ஒரே தீவுல அடையும். பச்சை மரம் கண்ணு முன்னாலயே செவப்பா மாறும். நண்டத் தின்னு தின்னு வந்த நெறம் அது. அதுக்குத்தான் நீ 20 நிமிஷம் ஒதுக்கியிருக்க. பிற்பகல் முழுசையும் குடு.

"தார் ஏரி, டொபேகோ, கடல் கோயில்" மூணையும் மூணாம் நாள்ல அமுக்கியிருக்கியே, அதுல கோயில மட்டும் வச்சுக்கோ. தார் ஏரி 100 ஏக்கர், 1595-ல வால்டர் ராலே கப்பல் ஓட்டைய அடைச்ச தாரு. எல்லாம் சரிதான். ஆனா அம்புட்டுத் தூரம் தெக்க போயித் தாரு பாக்க ஒனக்குப் பொறுமை கெடையாது. டொபேகோ தனித் தீவு, அதுக்குத் தனி லீவு போடு. வாட்டர்லூ கோயில் கத வேற. சிவ்தாஸ் சாதுன்னு ஒரு கரும்புத் தோட்டத் தொழிலாளி. 1947-ல கரையோரம் கோயில் கட்டுனாரு. நெலம் சர்க்கரைக் கம்பெனிக்காரனுக்குச் சொந்தம்னு 14 நாள் ஜெயில்ல போட்டு, கோயிலையும் இடிச்சாங்க. வெளிய வந்த மனுசன், நெலந்தான ஒங்களுது, கடல் ஒங்க அப்பன் வீட்டுச் சொத்தான்னு, சைக்கிள்ல கல்லச் சொமந்துட்டுப் போயி, வருசக்கணக்காக் கடலுக்குள்ளயே கொட்டி மேடாக்கிக் கோயில் எழுப்பிட்டாரு. இப்ப நிக்கது 1995-ல எடுத்துக் கட்டுனது. எக்ஸெல் இல்லாம ஒத்த ஆளு செஞ்ச வேல.

கார்னிவல் சமயத்துல போவலாமான்னு கேட்டிருந்த. சாம்பல் புதனுக்கு முந்துன திங்கள், செவ்வாய் ரெண்டு நாள் ஆட்டம். அறை வாடகை அப்ப ஏறுத ஏத்தத்துக்கு நீ வீட்டுக் கடன் போடணும். அதுக்கு ரெண்டு மூணு வாரம் முந்திப் போனா, சாயங்காலம் எண்ணெய் டிரம்ம அடிச்சுச் செஞ்ச ஸ்டீல்பேன் பயிற்சி பண்ணுத முத்தம் பேட்டைக்குப் பேட்டை இருக்கும். ஓரமா நின்னு கேக்கலாம். அந்த வாத்தியம் பொறந்த ஊரே அதுதான். சனவரிக்கும் மே மாசத்துக்கும் நடுவுல மழையும் கம்மி.

பெட்டி கட்டும்போது, நீ வீட்டுல மாட்டிட்டுத் திரியுதியே, எலை தழை போட்ட பட்டாள டிசைன் டவுசரு, அத எடுத்துறாத. அந்த நாட்டுல சாதாரண ஆளு அதப் போட்டா சட்ட விரோதம். தொந்திய வச்சுக்கிட்டு நீ பட்டாளத்துக்காரன் இல்லன்னு பாத்தாலே தெரியும், ஆனா போலீஸ்காரன் சட்டத்தத்தான் பாப்பான். இருட்டுன பெறவு கால் போன போக்குல நடக்காத. ரௌடிக் கும்பல் சண்டையால 2024 டிசம்பர்ல அங்க அவசரநிலையே போட்டாங்க. ஓட்டல்காரன் சொல்லுத வண்டியில ஏறு. பகல்ல எச்-ல ஆரம்பிக்கிற நம்பர் வண்டின்னா வாடகை வண்டி. ஒரு அமெரிக்க டாலருக்கு அவங்க டாலரு ஏழுக்குக் கொஞ்சம் கம்மியாக் கெடைக்கும். டபுள்ஸ்காரன்கிட்ட கார்ட நீட்டி மானத்த வாங்காம சில்லறை வச்சுக்கோ.

எனக்கு ஒண்ணும் வேண்டாம்டே. ரொம்ப வற்புறுத்துனா அங்கோஸ்துரா கசப்பு ஒரு சின்னப் பாட்டில் வாங்கிட்டு வா. பாட்டில விட லேபிள் பெருசா, கழுத்துக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கும், அத வச்சு அடையாளம் கண்டுக்கிடலாம். வெனிசுவேலாவுல சீகெர்ட்னு ஒரு ஜெர்மன் டாக்டர் 1824-ல வயித்துக் கோளாறுக்குன்னு காய்ச்சுனது. பெறவு அவரு குடும்பம் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்குத் தூக்கிட்டு வந்துட்டு. ஒன் அத்தை கேட்டா டாக்டர் மருந்துன்னு சொல்லு, அதுல பொய்யே கெடையாது. சாராயம் 44 சதவீதத்துக்கு மேலன்னு சின்ன எழுத்துல போட்டிருப்பான். அவ கண்ணாடி போடாம அத வாசிக்க மாட்டா. நீயும் வாசிச்சுக் காட்டாத.