பட்டித் தூசியும் தாய்வழி மரபும்: கல்முனைக் கரையோர வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் குடி மரபில் அறிஞர்கள் துழாவாத மூலை குறைவு. மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றில் கள ஆய்வைத் தொடங்கி, 2008இல் அதைப் பெரிய நூலாக்கினார். குடி தாய்வழியாகத் தொடர்வதும், வீடு சீதனமாக மகளுக்குப் போவதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதும், பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிகளின் பிரதிநிதியாக மரைக்காயர் இருப்பதும் இன்று உலகறிந்த செய்திகள். ஆனால் அந்தச் சீதன வீட்டுக்குப் பெயின்ட் அடிக்குமுன் சுவரைச் சமப்படுத்தப் பூசும் பட்டியிலிருந்து (putty) உரசி எடுக்கப்படும் வெள்ளைத் தூள் எந்த வழியாகப் போகிறது என்று யாரும் கேட்டதில்லை. இந்த ஆய்வு வெற்றிடத்தை இதுவரை நிரப்பி வந்தது தூசி ஒன்றுதான்.

ஆய்வுப் பரப்பின் வடக்கெல்லை மருதமுனை, தெற்கெல்லை அக்கரைப்பற்று, மேற்கெல்லை சம்மாந்துறை. கிழக்கே கடல், அங்கே யாரும் பட்டி பூசுவதில்லை. ஆய்வுக் காலம் கலியாணத்துக்கு முந்திய வாரங்களும் நோன்புக்கு முந்திய வாரங்களும். மற்ற நாட்களில் இவ்வூர்ச் சுவர்கள் தம் பாட்டில் இருக்கும்.

மேலை நாட்டு நூல்களைப் படித்துவிட்டு வருவோர் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் சுவரே ஜிப்சம் பலகைதான். அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894இல் காப்புரிமை பெற்ற பலகையின் வழி வந்தது அது. பலகையும் பலகையும் சேரும் பொருத்துகளில் பசை பூசி, அந்தக் கோடுகளை மட்டும் உரசினால் அவர்களுக்கு வேலை முடிந்தது. நமக்குச் செங்கல் அல்லது சீமெந்துக் கல், அதன்மேல் பூச்சு, அதன்மேல் மூலைக்கு மூலை பட்டி. ஜிப்சம் பலகை இங்கே சீலிங்காக வந்து சேர்ந்தது. ஆகவே அமெரிக்கர் கோட்டை உரசும்போது நாம் முழுச் சுவரையும் உரசி, பிறகு அண்ணாந்து நின்று தலைக்கு மேலும் உரசுகிறோம். தூசி உற்பத்தியில் இப்பிரதேசம் முன்னேறிய நாடுகளைத் தாண்டிவிட்டதென்று துணிந்து கூறலாம்.

இனித் துகளியல். ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851இல் தந்த விதிப்படி, அசையாத காற்றில் நுண்துகள் விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பட்டியின் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல் தூள் என்று வைத்துக் கணக்கிட்டால், பத்தடிச் சீலிங்கிலிருந்து புறப்படும் 100 மைக்ரோன் துகள் சில விநாடியில் நிலத்துக்கு வரும். 10 மைக்ரோன் துகளுக்கு ஏறத்தாழ 6 நிமிடம் வேண்டும். 1 மைக்ரோன் துகள் 10 மணித்தியாலம் எடுத்துக்கொள்ளும். அதாவது, அசருக்கு உரசி முடித்து, மஃரிபுக்குள் துடைத்து, இஷாவுக்குப் பின் “எல்லாம் கிளீன்” என்று வீட்டுக்காரர் படுத்த பிறகுதான் உண்மையான தூசி இறங்கத் தொடங்குகிறது. சுபஹுக்கு எழும்பும்போது கண்ணாடி மேசையில் படிந்திருப்பது புதுத் தூசியல்ல. நேற்றையதுதான், இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கோடு நிற்கும். சுவாசப்பையின் அடிவரை போவது 4 மைக்ரோன் அளவில் உள்ளதும் அதற்குச் சிறியதும். பட்டியில் சிலிக்கா கலந்திருந்தால் அது விளையாட்டான விஷயமே இல்லை.

இதெல்லாம் காற்று அசையாதவரைதான். காற்றாடியின் சுவிட்சில் ஒரு பிள்ளை கை வைத்தால் ஸ்டோக்ஸ் தோற்றார். “பேனப் போடாதங்க மனே” என்று குசினியிலிருந்து வரும் சத்தம், திரவ இயக்கவியலின் சாரத்தை மூன்று சொல்லில் சொல்கிறது.

தூசி எங்கே போகிறது என்பதில் ஊரில் இரண்டு கட்சிகள். ஒன்று காற்றுக் கட்சி. இதன் ஆதரவாளர்கள் பெரும்பாலும் ஆண்கள். விறாந்தையில் கதிரை போட்டிருந்து கருத்துச் சொல்பவர்கள். கச்சான் வீசும் மாதங்களில் காற்று மேற்கே வயற்பக்கமிருந்து வந்து கடலுக்குப் போகும். எனவே இரண்டு பக்க ஜன்னலையும் திறந்துவிட்டால் தூசி வங்கக் கடலுக்குப் போய்விடும் என்பது அவர்கள் வாதம். கோட்பாடு சரி. ஆனால் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். நம் ஜன்னலுக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் பல குடும்பங்களின் உடுப்புக் கொடிகள் இருக்கின்றன. பிற்பகலில் கடற்காற்று கிளம்பினால் போன தூசி உறவு விசாரிக்கத் திரும்பியும் வரும்.

இரண்டாவது, இக்கட்டுரை முன்வைக்கும் உறவுக் கொள்கை. கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் பட்டித் தூசி கடைசியில் போய்ச் சேருவது வீட்டுக்காரியின் உம்மாவின் வீட்டுக்குத்தான். இங்கு மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் அதே வளவின் பின்புறத்திலோ பக்கத்து வளவிலோ சின்ன வீட்டுக்கு ஒதுங்குவது வழக்கம். மூத்த மகள் வீட்டில் சேண்ட் பேப்பர் சுவரில் பட்ட உடனே மெத்தை, தலையணை, பிள்ளைகளின் கொப்பி, சஹன், மாப்பிள்ளையின் கந்தூரிச் சேர்ட் எல்லாம் உம்மா வீட்டுக்குக் குடிபெயர்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு படலம் வெள்ளை. பிள்ளைகள் அங்கேயும் இங்கேயும் ஓடுகிறார்கள். பெயின்ட் பாஸ் உம்மா வீட்டுக் கிணற்றடியில் முகம் கழுவி, அங்கேயே பிளேன்டீ குடிக்கிறார். பின்னேரம் உம்மாவே வந்து மகள் வீட்டைக் கூட்டிவிட்டு, முந்தானை முழுக்கத் தூசியோடு திரும்புகிறார். வயதுக்கு வந்த தங்கச்சியும் அந்த வீட்டில்தான், அவளுக்கும் பங்குண்டு. ஆக, பட்டித் தூசி தாய்வழியாகவே கடத்தப்படுகிறது. மாப்பிள்ளையின் உம்மா வீட்டில் அதே நாளில் ஒரு பொட்டுத் தூசி கிடையாது. வாரிசுரிமை இவ்வளவு துல்லியமாக வேறெந்தச் சொத்திலும் நடப்பதில்லை. இத்தனைக்கும் தூசிக்கென்று ஒரு மரைக்காயர் இல்லை.

இதை வேடிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். ஈயம், கல்நார் வேலை செய்வோரின் உடுப்போடு தூசி வீடுவரை போய்ச் சேர்வது தொழில்சார் மருத்துவத்தில் நெடுநாள் அறிந்த சங்கதி. ஆகவே உரசும் வீட்டின் வாசலிலேயே உடுப்பை மாற்றி, அந்த வீட்டுப் பைப்பிலேயே கைகால் கழுவிவிட்டு வெளியே போவது, ஜன்னல் திறப்பதைவிடப் பெரிய காரியம்.

இனி ஊரில் புழங்கும் கருவிகள். வாசலில் தொங்கும் நனைத்த சாரனுக்கே முதலிடம். மருதமுனைக் கைத்தறிச் சாரன் நெருக்கமான நெசவு என்பதால் தூசியை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது உலர்ந்த பிறகும் தொங்கிக்கொண்டிருக்கும். கீழே ஒரு சாண் இடைவெளியும் விட்டிருப்பார்கள். பொலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுவது இதைவிட மேல். அழகுக்கு வேண்டுமானால் சாரனை அதன்மேல் போடலாம்.

அடுத்தது வெளிநாட்டிலிருந்து மச்சான் அனுப்பிய வெக்கியூம். வீட்டுப் பாவனைக்கான சாதாரண வெக்கியூம் பெரிய துகளை உள்ளே இழுத்து, நுண்துகளைப் பின்பக்கத்தால் அறை முழுக்கச் சமமாகப் பங்கிடும். 0.3 மைக்ரோன் துகளில் 99.97 வீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இருந்தால் கதை வேறு. அதிலும் வெக்கியூம் குழாய் பொருத்திய உரசு கட்டை இருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், அத்தகைய கட்டைகள் தூசியை 80 முதல் 97 வீதம் வரை குறைத்ததாக 1999இல் வெளியிட்டது. பறந்த தூசியைத் துரத்துவதைவிடப் பேப்பரின் விளிம்பிலேயே பிடிப்பது லேசு.

வெக்கியூம் இல்லாதவர்களுக்குத் தண்ணீர் இருக்கிறது. ஜிப்சம் சீலிங்கின் பொருத்துப் பசையை ஈரப் பஞ்சால் தேய்த்தே சமப்படுத்தலாம், தூசி எழாது. சீமெந்து கலந்த பட்டி அப்படியல்ல. அது நாளாக ஆக இறுகும். இறுகியதைத் தேய்க்க 80ஆம் நம்பர் சேண்ட் பேப்பரும் கோபமும் தேவைப்படும். காய்ந்து கல்லாகுமுன் 120இல் தொடங்கி 180, 220 என்று ஏறுவது முறை. எல்லாவற்றுக்கும் முன், பட்டியை மெல்லிசாகவும் சீராகவும் இழுக்கத் தெரிந்த கை வேண்டும். சுவரில் கூடுதலாக ஏறாத பட்டி தூசியாக இறங்குவதுமில்லை. எங்களூர்ப் பாஸ் ஒருவர் சொன்னார்: “காக்கா, முதல் ரெண்டு கோட்டயும் ஒழுங்கா இழுத்தா மறுகா பேப்பருக்கு வேலையே இல்ல.” அவருக்குக் கூலி கூட. கொடுக்கலாம்.

தும்புத்தடியால் கூட்டுவது, படிந்த தூசிக்கு இன்னொரு 10 மணித்தியாலப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுப்பது. ஈரத்துணியே சரி, வெள்ளைக் கறை போக இரண்டு தண்ணீர் வேண்டும். கழுவிய தண்ணீரைப் பைப்புக் குழிக்குள் ஊற்றினால் சீமெந்து அங்கேயே இறுகும். முகத்துக்கு என்95 நல்லது, ஆனால் விளிம்பு தோலோடு ஒட்ட வேண்டும். தாடிக்கு மேல் ஒட்டாது. தாடி வைத்தவர் அந்த ஒரு நாள் உரசும் வேலையை மச்சினனிடம் விடுவது புத்தி.

நோன்போடு உரசலாமா என்ற கேள்வியும் வருகிறது. இமாம் நவவி (வஃபாத் 1277) தம் மின்ஹாஜ் நூலில், வழித் தூசியும் மாச் சலிக்கும்போது எழும் தூசியும் தொண்டைக்குள் போய்விட்டால் நோன்பு முறியாது என்கிறார். பட்டித் தூசி மாத் தூசியோடு சேருமா என்பதை உலமாக்களிடம் விட்டு இக்கட்டுரை மரியாதையாக விலகிக்கொள்கிறது. நோன்புக்கு முன்பே உரசி முடிப்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை.

ஆனால் “நோன்புக்கு முன்பு” என்பது ஒரே பருவமல்ல. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும் நோன்பு, 33 வருடத்தில் எல்லாக் காற்றையும் சுற்றி வந்துவிடும். 2015இல் அது ஜூனில் பிறந்தது. கச்சான் உச்சம், காற்றுக் கட்சியின் பொற்காலம். 2030இல் ஜனவரியில் ஒரு நோன்பும் டிசம்பர் கடைசியில் இன்னொரு நோன்பும் வரும். இரண்டும் வாடைக் காலத்தில். மழைக்கு ஜன்னல் அடைத்தே கிடக்கும். காற்று என்ற காரணி அப்போது தானாகவே கழிந்துவிடுவதால், இவ்விரு கட்சிகளின் வழக்கைத் தீர்க்க அதைவிடத் தோதான வருடம் கிடைக்காது. அடைத்த ஜன்னலையும் தாண்டி உம்மா வீட்டு அலுமாரியில் வெள்ளை படிந்திருந்தால், விறாந்தைக்காரர்கள் கதிரையை விட்டு எழும்பித் தும்புத்தடியைக் கையில் எடுக்க வேண்டிவரும். ஈரத்துணியை என்று திருத்தி வாசிக்கவும்.