குண்டு போட்டால் கூடுதல் தூரம்

கேள்வி: வீடியோ கேமில் குண்டு வெடித்து மலை தாண்டுகிறார்களே, நிஜத்தில் முடியுமா? (கும்மிடிப்பூண்டி வாசகர்)

பதில்: 2017இல் வந்த ‘செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்’ விளையாட்டில், அந்தரத்தில் வெடிக்கும் ஒரு குண்டு இன்னொரு குண்டை நாயகன் மேல் மோதவிடும், ஆள் எங்கோ பறப்பார். நிஜத்தில் ஆஸ்பத்திரி வரைதான் போகலாம். உருப்படியான வித்தை பழவேற்காடு ஏரிக்கு அந்தப்பக்கம், ஸ்ரீஹரிகோட்டாவில் தொடங்கியது. 2013 நவம்பர் 5இல் கிளம்பிய மங்கள்யான் விண்கலத்தைச் செவ்வாய்க்கு நேரே அனுப்பும் பலம் பிஎஸ்எல்வி ராக்கெட்டுக்கு இல்லை. அதனால் பூமியை நீள்வட்டத்தில் சுற்றவிட்டு, தரையை நெருங்கி வேகம் உச்சத்தில் இருக்கும்போது கலத்தின் எஞ்சினைப் பலமுறை இயக்கினார்கள். அதே எரிபொருளுக்கு அங்கேதான் அதிக ஆற்றல் சேரும். நாலாவது முறை வேகம் போதவில்லை. ‘சேவ்’ செய்த இடத்திலிருந்து மறுபடி ஆட வழியில்லாததால், மறுநாள் இன்னொரு தள்ளு. டிசம்பர் 1இல் செவ்வாய்ப் பாதைக்கு மாறிய கலம், 2014 செப்டம்பர் 24இல் அங்கே போய்ச் சேர்ந்தது.