ஏழாம் எண் சட்டை

2021 ஆகஸ்ட் 27 அன்று ரொனால்டோ மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே திரும்புவதாக அறிவிப்பு வந்தது. முந்தின நாள்வரை பக்கத்து வீட்டு மான்செஸ்டர் சிட்டிக்குப் போகிறார் என்றுதான் பேச்சு. துரோகி என்று திட்டத் தயாரான ரசிகர்களின் வாய்களே ஆரத்தி எடுத்தன. அணியிலிருந்த கவானி அவருக்காக ஏழாம் எண்ணை விட்டுக்கொடுத்து 21க்கு மாறினார். அறிவிப்பில் உருக்கம் போதுமா, போதாதா என்று பெரிய வாக்குவாதம். "நடுக்களத்துக்கு ஆள் எங்கே?" என்றவரைக் கல்யாணப் பந்தியில் மொய்க்கணக்குக் கேட்டவரைப் போல முறைத்தார்கள். நியூகாசிலுக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே ரொனால்டோ இரண்டு கோல். கேள்வி கேட்டவர் வாய் அடைத்தது.

சீசன் முடிவில் யுனைடெட்டுக்கு ஆறாம் இடம். 2022 நவம்பரில், ரொனால்டோ கிளப்பையே வறுத்தெடுத்த தொலைக்காட்சிப் பேட்டிக்குப் பிறகு, "பரஸ்பர சம்மதத்தோடு" பிரிவு. குடும்பத்துக்கும் சேர்த்து வாழ்த்துச் சொன்னது கிளப். அந்த வாழ்த்து மனசிலிருந்து வந்ததா, வக்கீலிடமிருந்தா என்று அடுத்த வாக்குவாதம் தொடங்கிற்று.